உடுப்பிட்டியில் நான்கு நாள், ஒரு குசினி

வடமராட்சியின் மேற்குப் பக்கத்தில், வல்வெட்டித்துறைக் கடலில் இருந்து சற்றுத் தெற்கே தள்ளி இருக்கிறது உடுப்பிட்டி. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு அங்கே கோட்டையும் இல்லை, அருவியும் இல்லை. அமெரிக்க மிஷனரிமார் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. மகளிர் கல்லூரி இருக்கிறது. கோயில்களும் பனங்கூடல்களும் வளைந்து வளைந்து போகிற ஒழுங்கைகளும் இருக்கின்றன. சிவசம்புப் புலவர் பிறந்த ஊர் என்று படித்தவர்கள் சொல்வார்கள். இவற்றுக்கு நடுவே நிறையப் பூட்டிய வீடுகள். வீட்டுக்காரர் இலண்டனிலோ கனடாவிலோ இருப்பார். திறப்பு அயலில் உள்ள சொந்தக்காரரிடம் இருக்கும்.

அந்த வீடுகளில் சிலவற்றை இப்போது நாள் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கும் பிள்ளைகளின் விடுமுறைக்கும் வெளிநாட்டில் இருந்து வருகிற குடும்பங்கள்தான் பெரும்பாலும் எடுப்பது. சாப்பாடு தரமாட்டார்கள். குசினி இருக்கும், காஸ் அடுப்பு இருக்கும். வேண்டியதை நாங்களே வாங்கி நாங்களே சமைத்துக்கொள்ள வேண்டும்.

2024 யூலையில் அப்படி ஒரு வீட்டில் நான்கு நாள் தங்கினோம். நானும், எங்கள் வேலையோடு தொடர்புள்ள ஐந்து பெண்களும். ஐவரும் குடும்பத்தைத் தனியே சுமந்தவர்கள். சிலர் இன்னும் சுமக்கிறார்கள். கூட்டம், பயிற்சி, செயலமர்வு என்று பல இடங்களுக்குப் போயிருக்கிறார்கள். ஒன்றுக்கும் இல்லாமல், சும்மா இருப்பதற்கென்று ஓரிடத்துக்குப் போனதில்லை. அவர்களுடைய பெயரை இங்கே எழுதவில்லை. அந்த நான்கு நாளும் நாங்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டோம், அதையே வைத்துக்கொள்கிறேன்: பூநகரி அம்மா, புதுக்குடியிருப்பு அக்கா, விசுவமடு அக்கா, மருதங்கேணி அக்கா, முள்ளியவளைத் தங்கச்சி.

பயணத்துக்கு உதவி செய்தவர்களின் திட்டத்தில் உணவுக்கு ஒரு வரி இருந்தது: மூன்று நேரமும் சமைத்த பார்சல், ஆறு பேருக்கு, நான்கு நாளுக்கு. கடையில் விலை கேட்டபோது 28,000 ரூபா வந்தது. அந்தப் பணத்தைக் கையில் தாருங்கள், பார்சல் வேண்டாம் என்று எழுதிக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

2009இல் வன்னியில் இருந்து வெளியே வந்தவர்களைச் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் வைத்திருந்தார்கள். எல்லா முகாமிலுமாக ஏறத்தாழ 3 இலட்சம் பேர். தொடக்கத்தில் பொதுச் சமையல். பெரிய கிடாரத்தில் சமைத்ததை வரிசையில் நின்று வாங்க வேண்டும். பிறகு உலருணவு வந்தது: அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. மீளக்குடியேறிய பின்னும் பல மாதம் அதே உலருணவுதான். உயிரைக் காத்த உணவு அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் இன்றைக்கு என்ன கறி என்ற கேள்வி அந்தக் காலம் முழுவதும் ஒரு பெண்ணிடமும் கேட்கப்படவில்லை. நான் சமூகவியல் படித்தவள். வீடு வீடாகப் படிவம் நிரப்பித் திரிந்தவள். நாளுக்கு எத்தனை நேரம் சாப்பிடுகிறீர்கள் என்று எல்லாப் படிவத்திலும் ஒரு கேள்வி இருக்கும். என்ன சாப்பிடுவது என்று யார் தீர்மானித்தது என்ற கேள்வியை நான் ஒரு படிவத்திலும் கண்டதில்லை.

பணம் வந்தது. பரந்தனில் ஒன்றுசேர்ந்து பஸ் ஏறும்போது அதை ஒரு கடித உறையில் போட்டுப் பூநகரி அம்மாவிடம் கொடுத்தேன். வயதில் மூத்தவர் அவர்.

"எனக்கேன் பிள்ளை? நீர் வைச்சிரும்."

"நான் தொடமாட்டன் அம்மா. என்ன வாங்கிறதெண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

அவர் உறையை இரண்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கொடிகாமத்தில் இறங்கியதும் முதற் செலவு. தென்மராட்சித் தேங்காய்க்கும் பலாப்பழத்துக்கும் மாம்பழத்துக்கும் பேர்போன சந்தை அது. காயைக் காதருகே வைத்து ஆட்டி, தட்டி, எட்டுத் தேங்காய் எடுத்தார். தேங்காய் விலை அப்போது இன்னும் உச்சிக்கு ஏறவில்லை. அந்த ஆண்டு இறுதியில்தான் ஒரு காய் 200 ரூபாவைத் தொட்டது. பலாப்பழம் முழுதாக வாங்கினால் தூக்க முடியாது என்று ஒரு துண்டும், கூழுக்கென்று தனியாகப் பலாக்கொட்டையும் வாங்கினோம். கூழ் என்ற பேச்சை முதலில் எடுத்தது யார் என்று நினைவில்லை.

வீட்டுக் குசினியைத் திறந்து பார்த்ததும் எல்லோரும் சிரித்தோம். முட்கரண்டி பன்னிரண்டு இருந்தது. கால் வைத்த கண்ணாடிக் குவளைகள், மைக்ரோவேவ், பாண் வாட்டுகிற கருவி, றைஸ் குக்கர் எல்லாம் இருந்தன. தேங்காய்த் திருவலை இல்லை. அம்மி இல்லை. நீத்துப்பெட்டி இல்லை. அகப்பை என்று ஒன்றும் இல்லை. வெளிநாட்டில் இருந்து வருகிற பிள்ளைகளுக்காக அடுக்கிய குசினி அது. திருவலையைப் பக்கத்து வளவு ஆச்சியிடம் இரவல் வாங்கினோம். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் குசினியில் ஒரு நல்ல விசயமும் இருந்தது. எல்லாம் இடுப்பு உயரத்தில். முள்ளியவளைத் தங்கச்சிக்கு ஒரு கால் இல்லை. யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்தில் பொருத்திய கால். அவளுடைய வீட்டில் அடுப்பு நிலத்தில். குந்தியிருக்க முடியாது என்பதால் தாய் அவளைச் சமைக்க விடுவதில்லை. "நிண்டுகொண்டே வெட்டலாம், நிண்டுகொண்டே தாளிக்கலாம்" என்று அவள் அந்த மேடையைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீடு கட்டும் திட்டங்களில் குசினி மேடைக்கு ஏன் பணம் ஒதுக்க வேண்டும் என்று இனி யாரும் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

மருதங்கேணி அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார்: "நான் அடுப்படிக்கு வரமாட்டன். கோவிக்கக் கூடாது." மற்றவர்களுக்கு முகம் கொஞ்சம் கறுத்தது. எல்லோரும் சேர்ந்து சமைப்பது என்று வந்த இடத்தில் ஒருவர் மட்டும் கதிரையில் இருப்பதா? பிறகுதான் காரணம் தெரியவந்தது. அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்கிறவர். விடிய மூன்று மணிக்கு எழும்பி, நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சோறும் பருப்பும் கீரையும் முட்டையும். காசு பிந்தித்தான் வரும், கடைக்குக் கடன். ஆழிப்பேரலையில் 2004இல் வீடு போனது, 2009இல் மறுபடியும் எல்லாம் போனது. சமைக்காமல் இருப்பதுதான் அவருக்கு விடுமுறை. புதுக்குடியிருப்பு அக்கா, "அப்ப நீங்கள் இருந்து சாப்பிடுங்கோ, நாங்கள் பரிமாறுறம்" என்று சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான்கு நாளும் அவருக்குத் தேத்தண்ணீர் கதிரைக்கே போனது.

இரண்டாம் நாள் காலை நெல்லியடிச் சந்தை. உடுப்பிட்டிச் சந்தியில் ஓட்டோ பிடித்துப் போனோம். மரக்கறிப் பக்கத்தில் பெண் வியாபாரிகள் சாக்கு விரித்து இருந்தார்கள். பயிற்றங்காய், முருங்கைக்காய், வெண்டி, சின்ன வெங்காயம், பிடிபிடியாகக் கட்டிய வல்லாரையும் பொன்னாங்காணியும். நான் தனியே போயிருந்தால் பத்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். இவர்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் ஆனது. புதுக்குடியிருப்பு அக்கா கத்தரிக்காய் எடுத்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொன்றாகத் தூக்கி, காம்பைப் பார்த்து, மெல்ல அமர்த்தி, திருப்பி வைத்து, வேறொன்றை எடுத்து, அடுத்த சாக்குக்குப் போய் விலை கேட்டு, திரும்பி வந்தார். அரைக் கிலோ கத்தரிக்காய். விற்ற பெண்ணுக்கும் பொறுமை போகவில்லை. "வடிவாப் பாத்தெடுங்கோ அக்கா, பொரிக்கவோ, பால்கறிக்கோ?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அக்கா உடனே பதில் சொல்லவில்லை. யோசித்து, "பொரிச்ச குழம்பு வைப்பம்" என்றார்.

எனக்கு ஒருத்திக்கு என்னத்தைச் சமைக்கிறது என்று இவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். இந்தச் சஞ்சிகையை வாசிக்கிற உங்களில் பலரும் இதைச் சொல்லியிருப்பீர்கள். ஒரு நேரம் பாண், ஒரு நேரம் பிஸ்கற்றும் தேத்தண்ணீரும், விரதம் என்று ஒரு நாள். காசு இல்லாததால் மட்டும் அப்படி ஆவதில்லை. யாருக்காகச் சமைத்தாரோ அவர்கள் இல்லாமற் போனபின் தனக்கென்று ஒரு சட்டி வைப்பதற்குக் கை வருவதில்லை.

சந்தையால் திரும்பும்போது வல்வெட்டித்துறைக்குப் போய் மீன் வாங்கினோம். சூடை மலிவாக இருந்தது. கூறு கூறாக வைத்திருந்தார்கள். பாரையும் விளைமீனும் விலை. மீன் விற்ற அம்மா காரணம் சொன்னார்: தமிழ்நாட்டுக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி யூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, அந்த நாட்களில் எங்கள் கடலும் ஆறும். தடை முடிந்ததும் இழுவைப் படகுகள் திரும்ப வந்துவிடும், எங்கள் ஆட்களின் வலையும் அறுபடும். மீன் விலைக்குள் அறுந்த வலையின் விலையும் இருக்கிறது என்று அவர் சொன்னபோது ஒருவரும் பேரம் பேசவில்லை. நண்டும் இறாலும் கூழுக்கு மறுநாள் வாங்குவதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

சமையலில் எங்களுக்கு முதலில் சண்டை பிடித்தது தண்ணீர். சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருகிற கிணற்றுத் தண்ணீர். வன்னிக் குளத்தண்ணீரில் சமைத்துப் பழகியவர்களுக்குப் பருப்பு ஏன் அவிய மறுக்கிறது என்று விளங்கவில்லை. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்துக் கூடினால் பருப்பும் கடலையும் இலேசில் மெதுமையாகாது. குடிப்பதற்கு வாங்கிய தண்ணீரில் பருப்பைப் போட்டதும் சொன்னபடி கேட்டது. தேத்தண்ணீருக்கும் அதேதான்.

பூநகரி அம்மா தன் வீட்டில் இருந்து இரண்டு கிலோ மொட்டைக்கறுப்பன் அரிசி கொண்டு வந்திருந்தார். அன்று இரவுச் சோற்றுக்கு அரிசி போட்டது புதுக்குடியிருப்பு அக்கா. கத்தரிக்காய் பொரித்த குழம்பு, சூடை மீன் தீயல், முருங்கையிலை வறை. இறக்கிப் பார்த்தால் பானை நிறையச் சோறு. ஆறு பேருக்கு இரண்டு மடங்கு. ஏழு பேருள்ள வீட்டில் சமைத்த கை அது. தனியே இருக்கும்போது ஒரு பிடி போடுகிற கை, ஆட்களைக் கண்டதும் பழைய அளவைப் போட்டுவிட்டது. அவர் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பூநகரி அம்மா மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தார். காலையில் பழஞ்சோற்றைப் பிசைந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு, பழைய மீன் குழம்போடு சாப்பிட்டோம். அந்த நான்கு நாளில் அதுதான் நல்ல சாப்பாடு என்று மருதங்கேணி அக்கா கதிரையில் இருந்து தீர்ப்புச் சொன்னார்.

பக்கத்து வளவு ஆச்சி திருவலையைத் திருப்பி வாங்குகிற சாட்டில் ஒவ்வொரு பின்னேரமும் வந்தார். வன்னியில் இருந்து வந்தவர்கள் என்று அறிந்ததும் தன் கதையையும் சொல்ல வேண்டும் போல இருந்திருக்கும். 1987 மே மாதத்து வடமராட்சி இராணுவ நடவடிக்கையில் கோயிலுக்குள் போய் இருந்தது, 90களின் பொருளாதாரத் தடையில் ஜாம் போத்தல் விளக்கில் இரவுச் சமையல் செய்தது, சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தது. வலிகாமம் முழுவதும் 1995 ஒக்டோபர் 30இல் இடம்பெயர்ந்தபோது தென்மராட்சிக்குப் போனவர்கள் போக மற்றவர்கள் வடமராட்சிக்கு வந்தார்கள்.

"இந்த வளவுக்குள்ள ஏழு அடுப்பு எரிஞ்சது பிள்ளையள். ஏழு குடும்பம். ஒராள் தேங்காய் திருவினால் ஏழு வீட்டுக்கும் கேக்கும். கறி மாறிக் கறி மாறிக் குடுப்பம். இப்ப இந்த ஒழுங்கையில ராவில மூண்டு வீட்டிலதான் லைற்."

ஆச்சிக்கும் ஒரு பங்கு சோறு போனது. அவர் வெறும் கிண்ணத்தைத் திருப்பித் தரவில்லை. உள்ளே பினாட்டு வைத்துத் தந்தார்.

மூன்றாம் நாள் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதிக்குப் போனோம். அன்னதானக் கந்தன் என்று பேர்பெற்ற முருகன். கோயிலைச் சுற்றியுள்ள மடங்களில் வருகிறவர்களுக்கெல்லாம் மதியச் சாப்பாடு கொடுக்கிறார்கள். மடத்து வாசலில் ஆட்கள் நின்றதைக் கண்டதும் விசுவமடு அக்கா நின்றுவிட்டார். "வரிசையில நிண்டு சாப்பாடு வாங்கமாட்டன் தங்கச்சி. அது முடிஞ்சுது." நான் வற்புறுத்தவில்லை. பூநகரி அம்மாதான் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "பந்தியடி, இருத்தித்தான் போடுறாங்கள்" என்றார். அக்கா உள்ளே வந்தார், ஆனால் இருக்கவில்லை. வாளியை வாங்கி இரண்டு பந்திக்குச் சாம்பார் ஊற்றினார். மூன்றாம் பந்தியில் இருந்து சாப்பிட்டார்.

இந்த விசுவமடு அக்கா வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கிறவர். சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் கண் கணக்குப் போட்டபடியே இருக்கும். திறப்பு வைத்திருக்கும் பெண்ணை மறித்து ஒரு மணித்தியாலம் கதைத்தார். இப்படி வந்து தங்குகிற குடும்பங்கள் என்ன கேட்பார்கள்? காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் கேட்பார்களாம். திரும்பிப் போகும்போது வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, கருவாடு கேட்பார்களாம். யார் கொடுக்கிறார்கள்? ஊரில் இரண்டு மூன்று பேர். ஒருவருக்குத் தூள் மட்டும் மாதம் பல கிலோ போகிறது. தூளுக்குச் செத்தலும் மல்லியும் எத்தனைக்கு எத்தனை, வறுத்தபின் நிறை எவ்வளவு குறையும், எந்த மில்லில் திரிப்பது என்று எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொண்டார். சுற்றுலா என்றால் கொழும்பு முதலாளியின் ஹொட்டேல் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். சாப்பாடு தராத வீடுகள் பெருகினால் அந்தக் குசினிக்கு வேண்டிய மாவும் தூளும் மீனும் கீரையும் அயலில் உள்ள பெண்களின் கையில் இருந்துதான் போக வேண்டும். போகிறதா, அல்லது பட்டணத்துப் பைக்கற்றாகப் போகிறதா என்பதை ஊர்ப் பெண்கள் சங்கங்கள் கவனிக்க வேண்டும்.

கடைசி இரவு ஒடியல் கூழ். இது ஒருத்திக்குச் சமைக்க முடியாத சாப்பாடு. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் ஐந்து பேருக்குக் காணும். ஆச்சி ஒடியல் மா தந்தார். காசு வாங்கமாட்டேன் என்றவரிடம் பூநகரி அம்மா காசைக் கொடுத்தே விட்டார். ஒரு சுண்டு மாவை மதியமே தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, மறுபடி நீர் விட்டு, கயர்ப்புப் போகும்வரை செய்தோம். பெரிய பானையில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய். அவை அரைவாசி அவிந்ததும் மீன் தலையும் துண்டும், பிறகு நண்டும் இறாலும். செத்தல் மிளகாயும் மஞ்சளும் உப்பும் அரைத்தது ஆச்சியின் அம்மியில். புளியை முந்திப் போட்டால் மரக்கறி அவியாது. அதனால் எல்லாம் வெந்தபின் புளி, அதற்குப் பிறகு மா, கடைசியில் முருங்கையிலை. மாவை விட்டதும் கை எடுக்காமல் துழாவ வேண்டும். துழாவியது முள்ளியவளைத் தங்கச்சி. மேடை உயரம் அவளுக்குச் சரி என்றாலும் பானை உயரம், கை உளைந்திருக்கும். ஒருவரிடமும் அகப்பையைக் கொடுக்கவில்லை. (அகப்பை நெல்லியடியில் வாங்கியது.)

ஆச்சி வளவில் வெட்டிய குருத்தோலையில் பிளா கோலித் தந்தார். முற்றத்தில் இருந்து குடித்தோம். உறைப்பு, மூக்கால் கண்ணால் தண்ணீர். சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. புதுக்குடியிருப்பு அக்கா தன் கடைசி மகனுக்குக் கூழில் நண்டுக்கால் மட்டும் வேண்டும் என்றார். "வேணும்" என்றுதான் சொன்னார், "வேணும் எண்டு கேட்பான்" என்று சொல்லவில்லை. 2009 சித்திரை மாதத்துக்குப் பிறகு அவனைப் பற்றித் தகவல் இல்லை. மருதங்கேணி அக்கா தன் கதிரையில் இருந்து எழும்பி வந்து பக்கத்தில் நிலத்தில் இருந்தார். இரண்டாம் முறை பிளா நிரப்பும்போது அக்காவே நண்டுக்கால் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டார்.

கணக்குப் பார்த்தோம். 28,000இல் 6,400 ரூபா மிச்சம். திருப்பி அனுப்பவா என்று கேட்டேன். பூநகரி அம்மா உறையை இடுப்பில் இருந்து எடுத்து, அது எங்களுக்குச் சாப்பாட்டுக்குத் தந்த காசு, சாப்பாட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார். போகிற வழியில் ஆளுக்கொரு நீத்துப்பெட்டியும் சுளகும் வாங்கினார்கள்; மிஞ்சியதற்கு விசுவமடு அக்காவுக்குச் செத்தல் மிளகாய், தூள் இடித்துப் பழகிப் பார்க்க. இடித்ததில் எல்லோருக்கும் ஒரு பங்கு அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். எனக்கு அரைக் கிலோ வந்தது. உறைப்புக் கொஞ்சம் கூட.